களைத்தடுப்புத் துணி அகற்றல்

களைத்தடுப்புத் துணி அகற்றல் என்பது, களை முளைக்காதிருக்கத் தோட்ட மண்ணின் மீது விரிக்கப்பட்டு, காலப்போக்கில் மண்ணும் வேரும் மூடிப் பயனற்றுப்போன செயற்கை இழைத் துணியை வெளியே எடுத்து, அடியிலுள்ள மண்ணை மீண்டும் செடிகளுக்கு ஏற்றதாக ஆக்கும் தோட்டப் பணி ஆகும். இத்துணி கடைகளில் வீட் மேட் என்ற பெயரில் விற்கப்படுகிறது. களை விரிப்பு, லேண்ட்ஸ்கேப் பேப்ரிக் ஆகிய பெயர்களும் வழக்கில் உள்ளன. சென்னையின் மேற்குப் புறநகர்ப் பகுதிகளான அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகியவற்றில் வீட்டு முற்றங்கள், அடுக்குமாடிக் குடியிருப்புகள், அலுவலக வளாகங்கள் முதலியவற்றில் கூழாங்கல் பரப்பின் அடியில் இது இடப்படுவதுண்டு.

துணியின் தன்மை

இது பெரும்பாலும் பாலிப்புரொப்பிலீன் என்னும் நெகிழியின் பட்டை இழைகளால் நெய்யப்படுகிறது. நெய்யாமல் இழைகளை வெப்பத்தால் ஒட்டிச் செய்யும் வகையும் உண்டு. கதிரவனின் புற ஊதாக் கதிர்களைத் தாங்குவதற்காகக் கரித்தூள் சேர்க்கப்படுவதால் பொதுவாகக் கருநிறமாக இருக்கும். நீரையும் காற்றையும் ஓரளவு உள்ளே விட்டு, ஒளியை மட்டும் தடுப்பதே இதன் நோக்கம்.

காய்கறிப் பயிர்களுக்கு உழவர்கள் விரிக்கும் மல்ச்சிங் ஷீட் இதிலிருந்து வேறுபட்டது. அது நீர் புகாத மெல்லிய பாலித்தீன் தாள். ஓரிரு பயிர்க் காலம் முடிந்ததும் எடுக்கப்பட வேண்டியது. களைத்தடுப்புத் துணியோ பல ஆண்டுகள் கிடக்கும் என்று கருதி விரிக்கப்படுவது. இக்கருத்தே பின்னர் ஏற்படும் இடர்களுக்கு அடிப்படை எனலாம். தொட்டிகளை அடுக்கி வைக்கும் நாற்றுப்பண்ணைத் தரையில் இது நல்ல பயன் தரும் பொருளே. மரமும் புதர்ச்செடியும் நிலையாக வளரும் பாத்திக்கு அது பொருந்துவதில்லை. வாசிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை விரிவாக்க அறிஞர் லிண்டா சாக்கர்-ஸ்காட் இதே கருத்தைத் தொடர்ந்து எழுதி வருபவர்களுள் ஒருவர்.

பயனற்றுப்போகும் விதம்

துணியின் மேல் விழும் இலையும் தூசியும் மக்கி, சில ஆண்டுகளில் ஒரு மெல்லிய மண்படலம் உருவாகிறது. காற்றில் வரும் களை விதைகள் அப்படலத்தின் மீதே முளைக்கின்றன. அவற்றின் வேர்கள் நெசவின் கண்களுக்குள் நுழைந்து துணியோடு பின்னிக்கொள்வதால், வெறும் மண்ணில் முளைத்த களையைவிட இவற்றைப் பிடுங்குவது கடினம். கோரை கீழிருந்தே வரும். அதன் கிழங்கிலிருந்து எழும் முளை ஊசி போன்றது; நெகிழித் தாளையே துளைக்கக்கூடியது.

நுண்ணிய வண்டல் கண்களை அடைத்துவிட்டால் மழைநீர் உள்ளே இறங்காமல் வழிந்தோடும். இலைதழை மண்ணைச் சேராததால் மண்புழுக்கள் குறைகின்றன, மண் இறுகுகிறது. ஒளி படும் ஓரங்களில் துணி நொறுங்கி இழை இழையாகப் பிரிகிறது. 5 மில்லிமீட்டருக்கும் குறைவான இத்தகைய துணுக்குகள் நுண்நெகிழி எனப்படும். இவற்றை மண்ணிலிருந்து பிரித்தெடுக்க நடைமுறையில் வழியில்லை. எனவே துணி முழுதாக இருக்கும்போதே எடுத்துவிடுதல் நலம்.

மேற்குப் புறநகரில்

அம்பத்தூர் 2011 ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. ஆவடி 2019 ஆம் ஆண்டு தனி மாநகராட்சியாயிற்று. மனைகள் நெருங்கிக் கட்டப்படும் இப்பகுதிகளில் ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி மனையில் வீட்டைச் சுற்றி எஞ்சும் மண் மிகக் குறைவு. சென்னையின் ஆண்டு மழை ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் நீராகும். ஆகவே 20 சதுர மீட்டர் மண்பட்டையின் மீது ஆண்டுக்கு ஏறத்தாழ 28,000 லிட்டர் நீர் விழுகிறது. இதில் ஒரு பகுதியாவது நிலத்தடிக்குச் செல்வதும், தெருவுக்கு ஓடுவதும் அந்த மண் திறந்திருப்பதைப் பொறுத்தது. தமிழ்நாட்டில் 2003 ஆம் ஆண்டு கட்டடங்களில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. குழாய் வழியே தொட்டிக்கு நீரை இறக்கிவிட்டு, பக்கத்திலுள்ள மண்ணை அடைபட்ட துணியால் மூடிவைப்பது முரணானது. 2019 ஆம் ஆண்டுக் கோடையில் செம்பரம்பாக்கம் ஏரி வறண்டதையும், 2023 திசம்பரில் மிக்சாம் புயல் மழையில் இப்பகுதியின் தெருக்கள் நீரில் மூழ்கியதையும் இங்கு நினைவில் கொள்ளலாம்.

ஏற்ற காலம்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் சனவரி, பெப்ரவரி மாதங்கள் மிகவும் ஏற்றவை. அப்போது மண்ணில் ஈரம் இருக்கும், சேறு இராது. ஒரு பிடி மண்ணை உருண்டையாக்கி விரலால் அழுத்தும்போது அது உதிர்ந்தால் வேலையைத் தொடங்கலாம். பிசைந்த மாவு போல் அமுங்கினால் சில நாள் பொறுக்க வேண்டும். மே மாதத்தில் களிமண் செங்கல்லாக இறுகிவிடுவதால் துணி கிழியுமேயன்றி வராது.

அகற்றும் முறை

மேலே கிடக்கும் கூழாங்கல்லையோ மரச்சீவலையோ முதலில் முழுவதும் வாரி எடுக்க வேண்டும். கல்லை இரும்புச் சல்லடையில் சலித்தால் மண் பிரியும். கல்லை மீண்டும் பயன்படுத்தலாம். பெரும்பாலோர் சலிப்புற்றுக் கைவிடுவது இக்கட்டத்தில்தான். கல்லோடு சேர்த்துத் துணியை இழுக்க முயன்றால் இரண்டும் மண்ணுக்குள் புதையும்.

அடுத்து, துணியைத் தைத்திருக்கும் 'ப' வடிவக் கம்பி ஆணிகளைத் தேடி எடுக்க வேண்டும். துருப்பிடித்த ஆணி காலில் குத்தினால் இசிவுநோய்த் தடுப்பூசி தேவைப்படலாம். பின்னர்த் துணியை ஓரடி முதல் இரண்டடி அகலப் பட்டைகளாகக் கூரிய கத்தியால் அறுத்து, ஒரு முனையைத் தூக்கிப் பாய் சுருட்டுவதுபோல் சுருட்டிக்கொண்டே செல்லலாம். வேர் பிடித்த இடத்தில் இழுக்காமல், களைக்கொத்தையோ கடப்பாரையையோ அடியில் செலுத்தி நெம்ப வேண்டும். சுழலும் களையெடுப்பு இயந்திரத்தை இதற்குப் பயன்படுத்தவே கூடாது. அது துணியை நார் நாராகக் கிழித்து மண்ணில் கலந்துவிடும், தண்டிலும் சுற்றிக்கொள்ளும்.

துணியின் அடி குளிர்ந்த, இருண்ட இடமாதலால் தேள், பூரான், பாம்பு ஆகியன தங்கக்கூடும். கையுறையும் மூடிய காலணியும் அணிந்து, நல்ல வெளிச்சத்தில், துணியைத் தன்னை நோக்கித் தூக்காமல் எதிர்ப்புறமாக மடித்துத் தூக்குவது பாதுகாப்பானது. மாலையில் தொடங்கி இருட்டும்வரை செய்யும் வேலை இதுவன்று.

மரத்தடியில் தனிக் கவனம் தேவை. மா, கொய்யா, முருங்கை போன்றவற்றின் உறிஞ்சு வேர்கள் துணியின் மேற்பரப்பிலும் நெசவுக்குள்ளும் பரவியிருக்கும். ஒரே நாளில் அனைத்தையும் உரித்தால் மரம் வாடும். நடுத்தண்டைச் சுற்றித் துணி இறுகியிருந்தால் அதை உடனே அறுத்துவிட வேண்டும். ஏனைய பகுதியைப் பகுதி பகுதியாக, சில வார இடைவெளியில் எடுக்கலாம். பெருவேர் துளைத்துச் சென்ற இடத்தில் வேரை வெட்டாமல் துணியைச் சுற்றி வெட்ட வேண்டும். எடுக்க இயலாத சிறு துண்டை அங்கேயே விடுவது, வேரைக் குதறுவதைவிட மேல்.

அகற்றிய பின்

மூடியிருந்த மண்ணில் உறங்கிக் கிடந்த விதைகள் ஒளி பட்டதும் முளைக்கும். சாரணை, பார்த்தீனியம், குப்பைமேனி போன்றவை முளைக்கக்கூடும். ஆதலால் மண்ணைத் தாமதமின்றி மூட வேண்டும். மக்கிய எருவை இட்டு மேலாகக் கொத்திவிட்டு, அதன் மேல் சருகு, வைக்கோல், தென்னை மட்டை முதலியவற்றை மூன்று நான்கு அங்குல உயரத்திற்குப் பரப்பலாம். தண்டை ஒட்டிக் குவித்தல் கூடாது. இவ்வாறு மூடுவது தமிழில் மூடாக்கு எனப்படும். இயற்கை வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வார் (1938–2013) பரப்பிய முறைகளுள் இதுவும் ஒன்று. இது மக்கி மண்ணாகிவிடுவதால் ஆண்டுதோறும் புதிதாக இட வேண்டும். துணிக்கு இல்லாத வேலைதான், ஆனால் பின்னால் தோண்டி எடுக்கும் வேலை இல்லை. இடம் பெரிதாயின் சணப்பை அல்லது தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் தறுவாயில் மடக்கி மண்ணில் சேர்க்கலாம். கோரைக்கு மட்டும் மூடாக்கு போதாது. கிழங்கோடு பலமுறை தோண்டியெடுக்க வேண்டும்.

கழிவு

மண் படிந்த பழைய துணியைப் பழைய பொருள் வாங்குவோர் எளிதில் எடுப்பதில்லை. உலர்த்தி, உதறி, கட்டாகக் கட்டி, மக்காத குப்பையாக உள்ளாட்சித் துப்புரவுப் பணியாளரிடம் தர வேண்டும். கிழியாத பட்டைகளைத் தொட்டிகளின் அடியில் விரிக்கப் பயன்படுத்தலாம். 2016 ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் குப்பையைத் திறந்தவெளியில் எரிப்பதைத் தடை செய்தன. இப்பணிக்கு ஏற்ற சனவரியிலேயே போகிப் பண்டிகையும் வருவதால், எடுத்த துணி போகி நெருப்புக்குச் செல்லும் வாய்ப்பு மிகுதி. நெகிழி, டயர் ஆகியவற்றைப் போகியன்று எரிக்க வேண்டாம் எனத் தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியம் வேண்டுகோள் விடுத்து வருகிறது.