உராய்வும் அணு அதிர்வுகளும்: ஆற்றல் இழப்பின் வரலாறு

ஒரு பரப்பின்மீது மற்றொரு பரப்பு நகரும்போது அந்நகர்வை எதிர்க்கும் விசை உராய்வு எனப்படும். உராயும் பொருள்கள் சூடாகின்றன. நகர்த்தச் செலவிட்ட ஆற்றல் எவ்வழியில் வெப்பமாகிறது என்பதை அணு அளவில் சோதித்து அறிய ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஆயின.

லெஸ்லியின் கேள்வி

1699-இல் பிரான்சின் கியோம் அமோன்டோன், உராய்வு விசை சுமைக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்று அறிவித்தார். ஒரு பரப்பின் மேடுகள் மற்றதன் மேடுகள்மீது ஏறி இறங்குவதே உராய்வுக்குக் காரணம் என்று அவரும் பின்னர் கூலோமும் கருதினர். 1804-இல் ஸ்காட்லாந்து அறிஞர் ஜான் லெஸ்லி இதை மறுத்தார். மேடு ஏறச் செலவான உழைப்பு இறங்கும்போது திரும்பக் கிடைத்துவிடும். அப்படியானால் இழப்பு எங்கே நிகழ்கிறது என்பது அவர் வாதம்.

அணுவின் தாவல்

ஜெர்மனியின் லுட்விக் பிராண்டில் 1928-இலும், பிரிட்டனின் தாம்லின்சன் 1929-இலும் இதற்கு விடை தரும் மாதிரியை முன்வைத்தனர். சுருள்வில்லில் கட்டி இழுக்கப்படும் அணு, எதிர்ப்பரப்பின் அணுக்களுக்கு இடையிலுள்ள பள்ளத்தில் சிக்கிக்கொள்கிறது. வில் நீள்கிறது. ஒரு கட்டத்தில் அணு திடீரென அடுத்த பள்ளத்துக்குத் தாவுகிறது. வில்லில் சேர்ந்திருந்த ஆற்றல் இழுப்பவருக்குத் திரும்புவதில்லை. அணுவின் அதிர்வாக மாறிப் படிகம் முழுவதும் பரவுகிறது. இவ்வதிர்வுகளின் குவாண்டம் அலகு ஃபோனான் எனப்படும். பரவிய அதிர்வே வெப்பம்.

சோதனைச் சான்றுகள்

அணுவிசை நுண்ணோக்கி 1986-இல் உருவானது. மறு ஆண்டே கலிபோர்னியாவின் ஐபிஎம் ஆய்வகத்தில், கிராஃபைட்டின்மீது நகர்ந்த டங்ஸ்டன் முனையில் உராய்வு விசை அணு வரிசைக்கு ஏற்பக் கூடிக் குறைவது பதிவானது. 1991-இல் ஜாக்குலின் கிரிம் குழுவினர், தங்கத்தின்மீது ஓரணுத் தடிமனுள்ள கிரிப்டான் படலம் திரவ நிலையைவிடத் திண்ம நிலையில் எளிதாக வழுக்குவதைக் கண்டனர். திண்மப் படலம் அடிப்பரப்புக்கு ஏற்பக் குறைவாகவே நெகிழ்வதால், அதில் எழும் அதிர்வும் குறைவு என்று பின்னர் விளக்கப்பட்டது.

2007-இல் ராபர்ட் கார்பிக் குழுவினர் வைரம், சிலிக்கான் பரப்புகளை ஹைட்ரஜனாலும், அதன் கனமான ஐசோடோப்பான டியூட்டீரியத்தாலும் தனித்தனியே மூடி ஒப்பிட்டனர். இரண்டும் வேதிப்பண்பில் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் டியூட்டீரியம் மெதுவாக அதிர்கிறது. அப்பரப்பில் உராய்வும் குறைவாக இருந்தது. மேடுபள்ளமும் ஒட்டும் தன்மையும் மட்டுமன்றி, பரப்பணுக்கள் அதிரும் வேகமும் உராய்வைத் தீர்மானிக்கிறது என்பதை இது காட்டியது.

உலோகங்களில் எலெக்ட்ரான்களும் இவ்வாற்றலின் ஒரு பகுதியை ஏற்கின்றன.