வெண்ணெய் போன வழி, வைட்டமின் வந்த வழி

ஊட்டம் சேர்த்த பால்பானம் என்று இன்று வழங்கப்படுவது இரு வகைப்படும். முளைகட்டிய தானியத்தின் சாற்றோடு பாலும் சர்க்கரையும் சேர்த்து உலர்த்தி, வைட்டமின்களையும் தாது உப்புகளையும் கலந்து பாட்டிலில் விற்கப்படும் பொடி ஒரு வகை. ஆலையிலேயே வைட்டமின் ஏ, டி ஆகியவை கலக்கப்பட்டுப் பாக்கெட்டில் வரும் பால் மற்றொரு வகை. காங்கேயம் மாட்டுக்கும் ஊத்துக்குளி வெண்ணெய்க்கும் பெயர்பெற்ற மேய்ச்சல் நிலப்பரப்பில் அமைந்த வெள்ளகோவில் போன்ற ஓர் ஊரிலும் இவ்விரண்டும் மளிகைக் கடையின் அன்றாடச் சரக்காகிவிட்டன. விளம்பரத்தின் வலிமையே இதற்குக் காரணம் என்பது வழக்கமான விளக்கம். அது பொய்யன்று, ஆனால் பாலே வீட்டுப் பொருள் என்ற நிலையிலிருந்து விற்பனைப் பொருளாக மாறி, அதன் கொழுப்பும் கொழுப்பற்ற பகுதியும் தனித்தனியே அளந்து விலையிடப்பட்ட வரலாற்றைச் சேர்த்துப் பார்க்காமல் இந்த மாற்றத்தை முழுமையாக விளங்கிக்கொள்ள இயலாது.

கோயமுத்தூரிலிருந்து காங்கேயம் வழியாகக் கரூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ள வெள்ளகோவில், பழைய கோயமுத்தூர் மாவட்டத்தில் இருந்து, 1979இல் பிரிக்கப்பட்ட பெரியார் மாவட்டத்துக்கும், அது ஈரோடு மாவட்டமான பின் 2009இல் உருவான திருப்பூர் மாவட்டத்துக்கும் மாறிய ஊராகும். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கும் இப்பகுதிக்குத் தென்மேற்குப் பருவம் பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்றைக் கொடுக்கிறதே தவிர மழையைப் பெரிதாகக் கொடுப்பதில்லை. பயிரை நம்ப முடியாத இந்நிலத்தில் உழவர்கள் வகுத்துக்கொண்ட ஏற்பாடே கொறங்காடு: சுற்றிலும் கிளுவையை உயிர்வேலியாக நட்டு, உள்ளே கொழுக்கட்டைப் புல்லை வளரவிட்டு, இடையிடையே வெள்வேல மரங்களை நிழலுக்கும் காய்க்கும் விட்டுவைத்த தனியுடைமை மேய்ச்சல் காடு அது. மாடு, எருமை, செம்மறியாடு ஆகியவற்றைப் பருவத்துக்கேற்ப மாற்றி மாற்றி அடைத்து மேய்ப்பதால், வறண்ட ஆண்டிலும் புல்லின் வேர் சாகாமல் காக்கப்பட்டது.

இக்காட்டில் வளர்ந்த காங்கேயம் இனம் உழவுக்கும் வண்டிக்கும் கிணற்றில் கவலை இறைப்பதற்கும் வளர்க்கப்பட்ட இழுவை இனமாகும். பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் இதன் வளர்ப்பில் பெயர்பெற்றது. பசு நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டு மூன்று லிட்டருக்கு மேல் கறப்பதில்லை. அதிலும் நாளைக்குக் கவலையில் பூட்டப்பட வேண்டிய காளைக்கன்றுக்கே முதல் உரிமை இருந்தது. எஞ்சிய பாலும் எருமைப்பாலும் பெரும்பாலும் உறையூற்றப்பட்டுத் தயிராயின. தயிரைக் கடைந்து எடுத்த வெண்ணெயும் நெய்யும் சந்தைக்குப் போக, மோர் வீட்டில் தங்கியது. கம்மஞ்சோற்றிலும் சோளச்சோற்றிலும் ராகிக் களியிலும் ஊற்றிக் கரைத்து உண்ணப்பட்ட அந்த மோரே இவ்வட்டாரத்தின் அன்றாடப் பால்பானம். பச்சைப்பால் குழந்தைக்கும் நோயாளிக்கும் விருந்தாளிக்கும் உரியதாக இருந்தது. கொழுப்பு விற்பனைக்குப் போனதென்பது புதிய செய்தியன்று என்பதை இங்கே கவனிக்க வேண்டும். பழைய ஏற்பாட்டில் கொழுப்பு மட்டுமே வெளியேறியது. புரதமும் சுண்ணாம்புச் சத்தும் மோராக வீட்டில் நின்றன. வெண்ணெயோடு போன வைட்டமின் ஏயை முருங்கைக்கீரை முதலிய கீரைகளில் உள்ள கரோட்டின் ஓரளவு ஈடுசெய்தது. மாடில்லாத கூலிக் குடும்பங்களுக்கு இந்த மோரும் பண்ணையக்காரர் மனம் வைத்தால்தான் கிடைத்தது என்பதால், இதைப் பொற்காலமாகச் சித்தரிப்பதற்கும் இடமில்லை.

பால்பொடிப் பானத்தின் பிறப்பு வேறொரு தேவையிலிருந்து எழுந்தது. இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயரைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹார்லிக், வில்லியம் ஹார்லிக் என்னும் சகோதரர்கள் 1873இல் அமெரிக்காவின் சிகாகோவில் குழந்தை உணவு நிறுவனம் ஒன்றைத் தொடங்கி, பின்னர் அதை விஸ்கான்சின் மாநிலத்துக்கு மாற்றி, 1883இல் மால்ட் கலந்த பால்பொடிக்குக் காப்புரிமை பெற்றனர். மால்ட் என்பது முளைகட்டி உலர்த்திய பார்லி. முளைக்கும்போது தானியத்தில் உண்டாகும் நொதிகள் மாவுச்சத்தைச் செரிமானத்துக்கு எளிய சர்க்கரையாக உடைக்கின்றன. கேழ்வரகை முளைகட்டி வறுத்து அரைத்துக் குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சும் நம் வீட்டு முறையிலும் நடப்பது இதே வேதிவினைதான். ஆனால் பாலையும் அதனோடு சேர்த்து உலர்த்தியதால், குளிர்பதன வசதியற்ற காலத்தில் கெடாமல் கடல் கடக்கக்கூடிய பால் ஒன்று கிடைத்தது. முதல் உலகப் போருக்குப் பின் திரும்பிய இந்தியப் படைவீரர்களோடு இப்பழக்கம் இந்தியாவுக்குள் பரவியதாகக் கூறப்படுகிறது.

இதே காலத்தில் ஊட்டத்தைப் பற்றிய அறிவும் மாறியது. 1913இல் அதே விஸ்கான்சின் மாநிலத்தில் எல்மர் மெக்காலமும் மார்கரிட் டேவிஸும் எலிகளின் வளர்ச்சிக்கு இன்றியமையாத ஒரு பொருள் வெண்ணெய்க் கொழுப்பில் இருப்பதைக் கண்டறிந்தனர். பின்னாளில் வைட்டமின் ஏ என்று பெயர் பெற்றது அதுவே. கொங்கு நாட்டை ஒட்டிய குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய ஆய்வுப்பணி ஊட்டச்சத்து ஆய்வகமாக வளர்ந்து, பிற்காலத்தில் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டுத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிலைபெற்றது. அங்கு 1930களில் டபிள்யூ. ஆர். அய்க்ராய்டும் அவருடைய குழுவினரும் தென்னிந்திய விடுதிக் குழந்தைகளுக்குக் கொழுப்பு நீக்கிய பால்பொடியைக் கரைத்துக் கொடுத்துச் சோதித்தபோது, அவர்களுடைய உயரமும் எடையும் கூடுதலாக வளர்ந்தன. வெண்ணெய் எடுத்த பின் எஞ்சும் பகுதிக்கும் பெருமதிப்பு உண்டு என்று இதனால் நிறுவப்பட்டது. மோர் குடித்த உழவர் வீட்டுப் பழக்கத்துக்கு ஆய்வகம் அளித்த சான்று என்றே இதைக் கொள்ளலாம். கோயமுத்தூரில் 1957இல் தொடங்கப்பட்ட அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரியில் ராஜம்மாள் தேவதாஸ் தலைமையில் நடந்த ஆய்வுகள் தானியம், பயறு, நிலக்கடலை, வெல்லம் ஆகியவற்றைக் கொண்டு ‘குழந்தை அமுது’ என்னும் மலிவான துணையுணவை 1970களில் உருவாக்கின. ஊட்டம் சேர்த்த உணவுக்கு உள்ளூர் வழி ஒன்று இருந்ததை இது காட்டுகிறது. அரசின் குழந்தைகள் மையங்களில் வழங்கப்படும் சத்துமாவும் அவ்வழியைச் சேர்ந்ததே.

வெள்ளகோவில் வட்டாரத்தில் பாலின் போக்கை மாற்றியது முதலில் மின்சாரம் என்றால் மிகையாகாது. 1930களில் பைக்காரா நீர்மின் திட்டம் கோயமுத்தூர்ப் பகுதிக்கு மின்சாரம் கொடுத்த பிறகு, மெல்ல மெல்லக் கிணறுகளில் பம்புசெட்டு ஏறியது. கவலை இறைக்கும் காளைக்கு வேலை குறைந்தது. பின்னர் டிராக்டரும் லாரியும் ஏரையும் வண்டியையும் வாங்கிக்கொண்டன. காளைக்காகப் பசுவை வளர்த்த காலம் போய்ப் பாலுக்காகப் பசுவை வளர்க்கும் காலம் வந்தபோது, ஜெர்சி, ஹோல்ஸ்டீன் ஆகியவற்றின் கலப்பினங்கள் காங்கேயம் பசுவின் இடத்தைப் பிடித்தன. 1970இல் தொடங்கிய வெண்மைப் புரட்சித் திட்டமும், 1981இல் அமைந்து ஆவின் என்னும் பெயரால் அறியப்படும் தமிழ்நாடு கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர்கள் இணையமும் ஊர்தோறும் சொசைட்டியைக் கொண்டுவந்தன. சொசைட்டிக்குப் பால் ஊற்றுவது என்னும் அன்றாட வேலை, காலையும் மாலையும் கறந்த பாலை அப்படியே வெளியே அனுப்பியது. முன்பு வெண்ணெய் மட்டும் போன வழியில் இப்போது மோராக வேண்டியதும் சேர்ந்தே போயிற்று. பதினைந்து நாளுக்கொரு முறையோ வாரத்துக்கொரு முறையோ கைக்கு வரும் பால்பணம், மழை பொய்த்த ஆண்டில் குடும்பத்தைத் தாங்கிய வருமானம் என்பதால், இதை இழப்பாக மட்டும் கணக்கெழுதுவது நியாயமாகாது.

வெளியே சென்ற பால் நகரத்துக்கு ஏற்றவாறு திருத்தப்பட்டது. 1946இல் பம்பாயில் தாரா குரோடி அறிமுகப்படுத்திய சமன்செய்த பால் இதில் ஒரு திருப்புமுனையாகும்: கொழுப்பு மிகுந்த எருமைப்பாலில் கொழுப்பு நீக்கிய பால்பொடியும் நீரும் கலந்து, கொழுப்பை 3 விழுக்காட்டுக்குக் குறைத்து, இருந்த பாலை அதிகம் பேருக்கு மலிவாக எட்டச்செய்த முறை அது. நீலம், பச்சை, ஆரஞ்சு நிறப் பாக்கெட்டுகள் கொழுப்பின் அளவைக் குறிக்கும் இன்றைய வழக்கம் இதன் தொடர்ச்சியே. வைட்டமின் ஏயும் டியும் கொழுப்பில் கரைவன. ஆதலால் கொழுப்பு எடுக்கப்படும் அளவுக்கு அவையும் பாலைவிட்டு நீங்குகின்றன. நீங்கியதைத் திரும்பச் சேர்ப்பதே பாலுக்கு ஊட்டம் சேர்த்தல் என்பதன் அடிப்படை. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையம் 2016இல் இதற்கான தரத்தை அறிவித்து, கூட்டல் குறியோடு கூடிய எஃப் எழுத்தை அடையாளமாக அளித்தது. ஆவின் 2023இல் 3.5 விழுக்காடு கொழுப்பும் வைட்டமின் ஏ, டியும் கொண்ட ‘டிலைட்’ பாலை ஊதாநிறப் பாக்கெட்டில் கொண்டுவந்து, 4.5 விழுக்காடு கொழுப்புள்ள பச்சைப் பாக்கெட்டின் இடத்தில் அதை வைக்க முனைந்தபோது, கொழுப்பைக் குறைத்துவிட்டு வைட்டமினைக் காட்டுகிறார்கள் என்ற குறை வாங்குவோரிடம் எழுந்தது. அக்குறையின் பின்னால் பாலைக் கொழுப்பால் அளக்கும் பழைய மனக்கணக்கும், வைட்டமினால் அளக்கும் புதிய கணக்கும் மோதின.

பாட்டில் பானங்கள் அன்றாடமானதும், வீட்டுப் பால் வெளியே போனதால் உண்டான இதே இடைவெளியில்தான். அயல்நாட்டுச் சரக்கின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட சூழலில், பஞ்சாபின் நாபாவில் 1960 வாக்கில் ஹார்லிக்ஸ் உற்பத்தி தொடங்கியது. அங்கே எருமைப்பால் பயன்பட்டது. தமிழகத்தில் அது முதலில் நோய்ப்பத்தியமாகவே புழங்கியது. மருத்துவமனைக்கு நோயாளியையோ பிள்ளை பெற்றவளையோ பார்க்கப் போகிறவர்கள் ஆரஞ்சு, ரொட்டியோடு ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலையும் கொண்டுபோவது மரியாதையாயிற்று. பச்சைப்பால் யாருக்கு உரியதாக இருந்ததோ அவர்களுக்கே, அதாவது குழந்தைக்கும் நோயாளிக்கும், இந்தப் பொடியும் முதலில் உரியதானது என்பதைக் கவனித்தால், புதிய பொருள் பழைய ஒழுங்குக்குள் நுழைந்த விதம் தெளிவாகிறது. 1970களில் வந்த பூஸ்ட் விளையாட்டு வீரர்களையும், காம்ப்ளான் பிள்ளைகளின் உயரத்தையும் முன்னிறுத்தியபின், பத்தியமாக இருந்தது பள்ளிப் பிள்ளையின் காலைக் கடமையாக மாறியது. சிறு பொட்டலங்களாக வந்தபின் விசைத்தறிக் கூலி வீடுகளுக்கும் எட்டியது. பாலில் கலக்க வேண்டிய பொடி, பால் குறைந்த வீட்டில் வெந்நீரிலும் கரைக்கப்பட்டது.

இப்பொடிகளில் பலவற்றில் சர்க்கரைக்குக் கணிசமான பங்கு உண்டு என்ற விமர்சனம் 2023இல் சமூக ஊடகங்கள் வழியே பரவி, போர்ன்விட்டாவைச் சுற்றிப் பெரும் விவாதமாயிற்று. 2024 ஏப்ரலில் ஒன்றிய அரசு இணைய வணிக நிறுவனங்களிடம் இத்தகைய பானங்களை ‘ஹெல்த் டிரிங்க்’ என்னும் பிரிவிலிருந்து நீக்கச் சொன்னது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படியொரு வகையே வரையறுக்கப்படவில்லை என்பது அதற்குக் காரணம். ஹார்லிக்ஸை 2020 முதல் தன்வசம் கொண்டுள்ள இந்துஸ்தான் யூனிலீவரும் அப்பிரிவின் பெயரை மாற்றிக்கொண்டது.

பாட்டில் பொடியையும் ஊதா பாக்கெட்டையும் ஒரே தட்டில் வைத்து ஏற்பதோ தள்ளுவதோ இவ்வரலாற்றுக்குப் பொருந்தாது. பாக்கெட் பாலில் சேரும் வைட்டமின், வணிகத் தேவைக்காக எடுக்கப்பட்டதைத் திருப்பித் தருவது. மாடில்லாத வீட்டுக்கும் அது ஒரே அளவில் சேருகிறது. பாட்டில் பொடியோ பாலோடு சர்க்கரையையும் சேர்த்து விற்று, மோரும் முளைகட்டிய ராகியும் முருங்கைக்கீரையும் செய்த வேலைக்குப் பன்மடங்கு விலை கேட்பது. முருங்கைக்காய்க்குப் பெயர்பெற்ற சந்தையும், பால் ஊற்றச் சொசைட்டிகளும் உள்ள ஒரு வட்டாரத்தில் ஊட்டக் குறைவு என்பது விளைச்சலின் குறைவாக இருக்க முடியாது. விளைந்ததில் எவ்வளவு வீட்டில் தங்குகிறது என்பதைச் சந்தைவிலை தீர்மானிக்கும் ஏற்பாட்டின் விளைவாகவே அதைக் காண வேண்டும். கறந்த பாலில் ஒரு படியைப் பிள்ளைகளுக்கென்று நிறுத்திக்கொள்ளும் அளவுக்குப் பால்விலை உழவருக்குக் கட்டுப்படியாகுமானால், பொடியின் தேவை பெருமளவு தானே குறையும்.