இடைக்கால மேயர் பதவியும் மக்கள் ஏற்பும்: சிகாகோவின் யூஜின் சாயர் (1987–1989)

ஆய்வுச்சுருக்கம்

பதவியிலிருக்கும் மேயர் இறந்தால், மாமன்றம் தன் உறுப்பினருள் ஒருவரை இடைக்கால மேயராகத் தெரிவுசெய்வது அமெரிக்காவின் சிகாகோ நகரின் நடைமுறை. அவ்வாறு தெரிவான யூஜின் சாயரின் பதவிக்காலத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. அவரை மேயராக்கிய வாக்குகளே அவர்மீதான ஐயத்துக்கும் காரணமாயின என்பதும், அவருடைய ஆட்சிச் செயல்பாடு அவ்வையத்தை முழுமையாக உறுதிப்படுத்தவில்லை என்பதும் இதன் வாதமாகும்.

திறவுச்சொற்கள்: சிகாகோ, மாமன்றம், இடைக்கால மேயர், யூஜின் சாயர், ஹரால்ட் வாஷிங்டன்

பின்னணி

1934இல் அலபாமா மாநிலத்தில் பிறந்த சாயர், 1971இல் சிகாகோவின் 6ஆம் வட்டத்திலிருந்து மாமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நகர ஜனநாயகக் கட்சியின் பழைய அமைப்புக்குள் வளர்ந்தவராயினும், 1983இல் ஹரால்ட் வாஷிங்டன் மேயர் பதவிக்குப் போட்டியிட்டபோது தொடக்கத்திலேயே அவரை ஆதரித்தார். வாஷிங்டன் நகரின் முதல் கறுப்பின மேயரானார். எனினும் 50 உறுப்பினர் கொண்ட மாமன்றத்தில் எட்வர்ட் வர்டோலியாக் தலைமையிலான 29 பேர் அவருடைய திட்டங்களைத் தடுத்தனர். 1986இல் சில வட்டங்களில் நடைபெற்ற சிறப்புத் தேர்தல்களுக்குப் பின்னரே இந்நிலை மாறியது.

தெரிவு

மீண்டும் வெற்றிபெற்ற சில மாதங்களில், 1987 நவம்பர் 25 அன்று வாஷிங்டன் மாரடைப்பால் இறந்தார். துணை மேயர் டேவிட் ஓர் ஒரு வாரம் பொறுப்பு வகித்தார். வாஷிங்டனின் மாமன்றக் குழுத் தலைவர் திமோதி எவன்ஸையே அவருடைய வாரிசாக ஆதரவாளர் பலர் கருதினர். டிசம்பர் முதல் நாள் இரவு மாமன்றம் கூடியபோது, ஆயிரக்கணக்கானோர் திரண்டு சாயருக்கு எதிராக முழக்கமிட்டனர். சாயரும் நெடுநேரம் தயங்கினார். மறுநாள் விடியற்காலையில் 29–19 என்ற வாக்குக் கணக்கில் அவர் தெரிவானார்.

அந்த 29 வாக்குகளுள் பெரும்பாலானவை வெள்ளையின உறுப்பினர்களுடையவை. வாஷிங்டனை எதிர்த்து நின்றவர்களும் அவர்களுள் அடங்குவர். கறுப்பின உறுப்பினருள் சிலரே அவரை ஆதரித்தனர். சட்டப்படி குறையற்ற இத்தெரிவு, வாஷிங்டன் இயக்கத்தினரின் பார்வையில் பழைய அமைப்பின் மீள்வருகையாயிற்று.

ஆட்சி

சாயரின் ஆட்சியில் தடுமாற்றங்கள் உண்டு. 1988இல் மேயர் அலுவலக உதவியாளர் ஒருவரின் யூத எதிர்ப்புப் பேச்சு வெளிவந்தபோது, அவரை நீக்கச் சில நாள்கள் தாமதித்தது கடுங்கண்டனத்துக்கு உள்ளாயிற்று. ஆயினும் வாஷிங்டன் காலத்தில், 1986இல், மாமன்றத்தில் தோற்ற மனித உரிமைச் சட்டம் 1988 டிசம்பரில் 28–17 என நிறைவேறியது. பால்சார்பு அடிப்படையிலான பாகுபாட்டையும் அது தடைசெய்தது. சாயர் எதிரணியின் கருவி மட்டுமே என்னும் மதிப்பீட்டுக்கு இச்சட்டம் பொருந்தவில்லை. இரு அணிகளோடும் பேசக்கூடியவர் என்பதே அவருடைய பலம். அதுவே அவர் நம்பப்படாமைக்கும் காரணம்.

தேர்தலும் முடிவும்

எஞ்சிய பதவிக்காலத்துக்கான தேர்தல் 1989இல் நடைபெற்றது. பிப்ரவரி 28 அன்று நடந்த ஜனநாயகக் கட்சியின் முதனிலைத் தேர்தலில் ரிச்சர்ட் எம். டேலியிடம் சாயர் தோற்றார். ஏப்ரல் மாதப் பொதுத்தேர்தலில் ஹரால்ட் வாஷிங்டன் கட்சியின் சார்பில் நின்ற எவன்ஸும் டேலியிடமே தோற்றார். 1987 டிசம்பரில் மாமன்றத்தில் தோன்றிய பிளவு வாக்காளரிடையிலும் ஆறவில்லை.

முடிவுரை

இடைக்கால மேயருக்கு அதிகாரம் மாமன்றத்திலிருந்து கிடைக்கிறது. ஏற்போ மக்களிடமிருந்து கிடைக்க வேண்டும். சாயருக்கு முன்னது ஓர் இரவில் கிடைத்தது; பின்னதைப் பெற ஏறத்தாழ 17 மாதங்கள் போதவில்லை. அவரைத் தெரிவு நாளின் வாக்குகளைக் கொண்டு மட்டும் மதிப்பிடாமல், அதே மாமன்றத்தில் அவர் நிறைவேற்றியவற்றையும் சேர்த்து மதிப்பிடுவதே வரலாற்று முறைமைக்குப் பொருந்தும்.