சிந்தாமணி ஏன் புரியவில்லை?

படிவம் ஐந்து மாணவர் ஒருவர் நூலகத்தில் எடுத்த நாவலை இருபதாம் பக்கத்தோடு திருப்பிக் கொடுத்தால் நாம் என்ன சொல்கிறோம்? 'பொறுமை இல்ல, எப்பப் பார்த்தாலும் கைப்பேசிதான்.' நானும் சொல்லியிருக்கேன். உ.வே.சா.வின் 'என் சரித்திரம்' படித்த பிறகு அப்படிச் சொல்வதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன்.

1880ஆம் ஆண்டு. சாமிநாதையருக்கு 25 வயது. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலா, கோவை என ஏகப்பட்ட நூல்களைப் பாடம் கேட்டவர். அவ்வூருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார், சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். இல்லை. முதலியார் தந்த பிரதியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், இவ்வளவு படித்தவருக்கே பல இடங்கள் பிடிபடவில்லை!

இங்கே பொறுமையைக் குறை சொல்ல முடியுமா? காரணங்கள் வேறு. ஏட்டுச் சுவடிகளில் புள்ளி இருக்காது. எகரமும் ஏகாரமும் ஒன்றுபோல் இருக்கும். பிரதி எடுத்தவர்களின் பிழைகள் வேறு. நச்சினார்க்கினியர் உரை உதவும் என்று பார்த்தால், அவர் பெயர் சொல்லாமலே பல பழைய நூல்களை மேற்கோள் காட்டிக்கொண்டு போகிறார். இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தடை, திருத்தக்கதேவர் சமண முனிவர் என்பது. சைவ மடத்துச் சூழலில் வளர்ந்தவருக்குச் சமணக் கலைச்சொற்களும் கொள்கைகளும் அந்நியம். அகராதியைப் புரட்டித் தீர்கிற சிக்கல் இல்லை இது.

அதே கும்பகோணத்தில் சமணர்கள் இருப்பதாகக் கேள்விப்பட்டு ஒரு வீட்டுக்குப் போகிறார். வாசலில் தோரணம். ஏதோ விசேஷம் போல என்று விசாரித்தால், ஆறு மாதமாகப் படித்துவந்த சிந்தாமணியை அன்றைக்குத்தான் அவர்கள் முடித்திருந்தார்களாம்! தமிழ்ப் புலவர்கள் பலர் தொடாமல் விட்ட நூலை, ஒரு குடும்பம் விழா எடுத்துப் படித்து முடித்திருக்கிறது. எனக்கு இந்த இடம்தான் மிகவும் பிடித்தது. புலவர் என்ற கௌரவம் பார்க்காமல் அவர்களிடமே சந்தேகம் கேட்டுக் கேட்டுப் படித்தார் ஐயர். 1887இல் சிந்தாமணி உரையோடு அச்சில் வந்தது.

உ.வே.சா. பற்றிக் கட்டுரை எழுதும் நம் மாணவர்கள் 'ஏடு தேடி அலைந்தார்' என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். அந்தத் தோரணம் கட்டிய வீட்டுக்கும் ஒரு பத்தி ஒதுக்கச் சொல்லுங்கள்.