நாற்காலியின் நுனியில்: தேர்தல் நகைச்சுவைப் படங்களும் நம் வாக்கும்



மேலவளவில் கொல்லப்பட்டவர்களின் நினைவாக நடக்கும் சொற்பொழிவில் நகைச்சுவைப் படங்களைப் பற்றிப் பேசலாமா என்று வெகுநாள் தயங்கினோம். தலைப்பைச் சொன்னபோது மூத்த தோழர் ஒருவர் முகம் சுளித்தார். 'சிரிக்கிற இடமா இது?' என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் தேர்தலைப் பார்த்துத் தமிழ்நாடு அரை நூற்றாண்டாகச் சிரித்து வந்திருக்கிறது. அந்தச் சிரிப்பில் நாம் எங்கே இருந்தோம், சிரித்தவர்களோடா, சிரிக்கப்பட்டவர்களோடா என்று ஒருமுறையாவது கணக்குப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. அதை இங்கே பார்ப்பதுதான் பொருத்தம் என்று பிடிவாதமாக இருந்தோம்.

பேச்சைச் 'சோ'விலிருந்து தொடங்குவது வழக்கம். 'முகமது பின் துக்ளக்' 1968இல் நாடகமாகவும் 1971இல் படமாகவும் வந்தது. கல்லறையிலிருந்து எழுந்து வந்ததாக நம்பவைக்கப்பட்ட துக்ளக், தேர்தலில் வென்று பிரதமராகிறார். பாரசீகத்தை ஆட்சிமொழியாக்குகிறார். கட்சி மாறி வருகிறவர்களுக்கெல்லாம் துணைப் பிரதமர் பதவி கொடுக்கிறார். கட்சித்தாவலை இதைவிடக் கூர்மையாகக் கிண்டல் செய்த படம் தமிழில் குறைவு. அந்தப் பெருமையைப் பறிக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சிரிப்புக்கு அடியில் இன்னொரு நம்பிக்கை ஓடுகிறது: எவன் வந்து எதைச் சொன்னாலும் கைதட்டுகிற கூட்டம்தான் வாக்காளர்கள், அவர்கள் கையில் நாட்டைக் கொடுத்ததுதான் பிழை. 1967இல் ஆட்சி மாறிய மறு ஆண்டு அந்த நாடகம் மேடையேறியது என்பதை மறக்க முடியாது. வாக்குரிமை எல்லோருக்கும் வந்ததே சிலருக்கு நகைச்சுவையாக இருந்தது.

நாம் அதிக நேரம் நிற்க வேண்டிய படம் 'அமைதிப்படை'. மணிவண்ணன் இயக்கம், 1994. கோயிலில் சிதறுதேங்காய் பொறுக்குகிற அமாவாசையை ஒரு அரசியல்வாதி தன் வசதிக்காகச் சுயேச்சையாக நிறுத்துகிறார். வாக்கு எண்ணும் நாள் காட்சி தமிழர்கள் எல்லோருக்கும் மனப்பாடம். பக்கத்தில் தன்னை நிறுத்தியவர் உட்கார்ந்திருக்க, அமாவாசை நாற்காலியின் நுனியில் ஒடுங்கி இருக்கிறார். முன்னிலை நிலவரம் ஒவ்வொன்றாக வர வர உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக நகர்கிறது. முதுகு சாய்கிறது. கால்மேல் கால் ஏறுகிறது. பேச்சில் மரியாதை இறங்குகிறது. சத்யராஜின் நடிப்புக்கும் மணிவண்ணனின் துணிச்சலுக்கும் சேர்த்து நாங்களும் கைதட்டியிருக்கிறோம். சாதிக் கலவரத்தை வைத்து அரசியல் செய்கிறவனை அந்தப் படம் சும்மா விடவும் இல்லை.

ஆனாலும் இன்று அதே காட்சியைப் பார்க்கும்போது வேறொன்று உறுத்துகிறது. நேற்றுவரை பொறுக்கித் தின்றவன் இன்று கால்மேல் கால் போடுகிறான் பார் என்பதுதான் அங்கே சிரிப்பின் விசை. கெட்ட அரசியலின் அடையாளமாக ஒரு ஏழையின் உடம்பு நிமிர்வதைக் காட்டுகிறார்கள். பரம்பரைப் பண்ணையார் சட்டமன்ற உறுப்பினரானால் அந்தக் காட்சியில் நகைச்சுவை இருக்காது. அவர் பிறந்ததிலிருந்தே சாய்ந்துதான் உட்கார்ந்திருக்கிறார்.

அந்தப் படம் வந்த அதே 1994இல்தான் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் வந்தது. அரசியல் சட்டத்தின் 73ஆவது திருத்தத்தைத் தொடர்ந்து, ஊராட்சித் தலைவர் பதவிகளில் பட்டியல் சாதியினருக்கு இட ஒதுக்கீடு கிடைத்தது. 1996இல் தேர்தல் அறிவித்தார்கள். மேலவளவு தனி ஊராட்சியானது. மிரட்டல், மனு வாபஸ், வாக்குப்பெட்டி பறிப்பு என்று எல்லாம் நடந்து, கடைசியில் 1996 டிசம்பரில் போலீஸ் காவலோடு நடந்த தேர்தலில் முருகேசன் வென்றார். வென்றவரால் ஊராட்சி அலுவலகத்தில் நிம்மதியாக உட்கார முடியவில்லை. எரிக்கப்பட்ட குடிசைகளுக்கு இழப்பீடு கேட்டு மதுரை ஆட்சியர் அலுவலகம் போய்விட்டு 1997 ஜூன் 30 அன்று பேருந்தில் திரும்பும்போது பட்டப்பகலில் வெட்டப்பட்டார். உடன் வந்த தோழர்களும் வெட்டப்பட்டார்கள். அவர் தலையைத் துண்டித்து எடுத்துப்போனார்கள். ஒரு நாற்காலியில் உட்கார்ந்ததற்கு இதுதான் விலை.

பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஆகிய ஊர்களில் ரத்தம் சிந்தாமலே அந்த வேலையை முடித்தார்கள். 1996 முதல் பத்தாண்டுகள் அந்தத் தனி ஊராட்சிகளில் தேர்தல் ஒரு கூத்தாக நடந்தது. அறிவிப்பு வரும், யாரும் மனுப்போட மாட்டார்கள். அல்லது ஊர்ப் பெரியவர்கள் தங்களிடம் வேலை செய்கிற ஒரு தலித்தைப் பிடித்து நிறுத்துவார்கள். அவர் ஜெயிப்பார், பதவியேற்பார், ஏற்ற கையோடு ராஜினாமா எழுதிக் கொடுப்பார். மறுபடி அறிவிப்பு வரும், மறுபடி இடைத்தேர்தல். 2006இல் அரசும் மாவட்ட நிர்வாகமும் முனைந்து நின்ற பிறகே அங்கே தலைவர்கள் பதவியில் நீடித்தார்கள்.

இதைவிட நல்ல அங்கதக் கதை எந்தத் திரைக்கதை ஆசிரியருக்குக் கிடைக்கும்? வேட்பாளர் உண்டு, வாக்குச்சீட்டு உண்டு, வெற்றி உண்டு, பதவி மட்டும் இல்லை. ஆனால் அந்தப் பத்தாண்டுகளில் வந்த தேர்தல் நகைச்சுவைகள் பிரியாணிப் பொட்டலத்தையும் குவார்ட்டர் பாட்டிலையும் விட்டு நகரவில்லை. வாக்குக்குப் பணம் வாங்குகிறவனைக் காட்ட வேண்டுமென்றால் காமிரா நேராகக் குடிசைப் பகுதிக்குப் போகும். பணம் கொடுத்தவனின் பங்களா வாசலில் அது அவ்வளவு நேரம் நிற்காது.

மாணவத் தோழர்கள் இங்கே கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும். 1932 ஆகஸ்டில் வந்த வகுப்புவாரித் தீர்ப்பில் நமக்கு இரண்டு வாக்குகள் இருந்தன. ஒன்று நம் பிரதிநிதியை நாமே தேர்ந்தெடுக்க, மற்றொன்று பொதுத் தொகுதியில் மற்றவர்களோடு சேர்ந்து போட. செப்டம்பர் 24 அன்று பூனா ஒப்பந்தத்தில் அது போனது. இடங்கள் கூடின. ஆனால் அந்த இடத்தில் யார் உட்காருவது என்பதை முடிவு செய்கிற பலம் ஊரின் கைக்குப் போனது. தனித்தொகுதியில் நிற்பவர் நம்மவர், அவரை நிறுத்துபவரும் ஜெயிக்கவைப்பவரும் வேறு ஆட்கள் என்ற ஏற்பாட்டை அம்பேத்கர் கடைசிவரை எதிர்த்து எழுதினார். பாப்பாபட்டியில் ஜெயித்த அன்றே ராஜினாமா எழுதிய அந்த ஏழையைக் கோழை என்று சொல்லுமுன் இதை நினைக்க வேண்டும். அந்த ராஜினாமாக் கடிதத்தின் முதல் வரி 1932இல் எழுதப்பட்டது.

2021 சட்டமன்றத் தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு, ஏப்ரல் 4 அன்று, மடோன் அஸ்வினின் 'மண்டேலா' நேரடியாகத் தொலைக்காட்சியில் வந்தது. எங்கள் காலனியில் பத்துப் பதினைந்து பேர் ஒரே வீட்டில் உட்கார்ந்து பார்த்தோம். சூரங்குடியில் வடக்கூரார், தெக்கூரார் என்று இரண்டு சாதிகள். தலைவரின் இரண்டு மகன்களும் எதிரெதிரே நிற்கிறார்கள். தலையெண்ணிப் பார்த்தால் இரு பக்கமும் சமம். ஆலமரத்தடியில் முடிவெட்டிப் பிழைக்கிற, ஊர் 'இளிச்சவாயன்' என்று கூப்பிடுகிற ஒருவரின் வாக்குதான் மிச்சம். அவருக்குப் பெயர்கூட இல்லை. அஞ்சலகத்தில் கணக்குத் தொடங்கப் போய், அங்கே வேலை பார்க்கும் பெண் வைத்த 'நெல்சன் மண்டேலா'வோடு திரும்புகிறார். நிஜ மண்டேலா தன் வாழ்நாளில் முதன்முதலாக வாக்களித்தது 1994 ஏப்ரலில், 75 வயதில். இயக்குநர் பெயரைச் சும்மா வைக்கவில்லை.

படத்தின் முன்பாதியில் எங்கள் வீட்டில் சிரிப்பு சீராக வரவில்லை. கழிப்பறையை யார் முதலில் பயன்படுத்துவது என்று இரண்டு சாதிகளும் அடித்துக்கொள்ளும்போது எல்லோரும் சிரித்தோம். முடிவெட்டப் போன வீட்டில் அவர் பின்வாசல் வழியாக நுழையும்போது இளசுகள் சிரித்தார்கள், பெரியவர்கள் சிரிக்கவில்லை. இதைத்தான் அந்தப் படத்தின் சாதனை என்று சொல்வோம். தேர்தல் நகைச்சுவையில் முதன்முறையாகச் சாதி பின்னணியில் இல்லாமல் கதையாகவே நின்றது. வாக்கை விற்கிறவனைக் கேலி செய்யாமல், ஏன் இத்தனை நாள் அவனுக்கு விலையே இல்லை என்று கேட்டது. அறிமுக இயக்குநருக்கும் வசனத்துக்கும் தேசிய விருது கிடைத்ததில் எங்களுக்கு மகிழ்ச்சி.

குறையையும் சொல்ல வேண்டும். அந்த ஊரில் இரண்டு ஆதிக்கச் சாதிகளும் ஒரு சேவைச் சாதி மனிதரும் இருக்கிறார்கள், சேரி கண்ணில் படவில்லை. முந்நூறு, நானூறு வாக்குள்ள ஒரு சேரி அங்கே இருந்திருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும். தனி ஒருவர் என்றால் இரங்கலாம், சிரிக்கலாம், கடைசியில் ஊரே திரண்டு காப்பாற்றவும் செய்யலாம். கூட்டமாக இருக்கிறவர்கள் பங்கு கேட்பார்கள். இரண்டு பக்கமும் சமமாக இருந்ததால்தான் மண்டேலாவின் வாக்குக்கு மதிப்பு வந்தது, சாதிகள் ஒரே அணியில் சேர்ந்துகொண்டால் அது போய்விடும் என்பதைப் படம் தொடவில்லை. ஊருக்குச் சாலையும் விளக்கும் வாங்கிக் கொடுக்கிற மண்டேலா தலைவர் நாற்காலியைக் கேட்கவும் இல்லை.

நாற்காலியைக் கேட்டவர்கள் கதை அந்த முந்தைய ஆண்டே செய்தியாக வந்திருந்தது. 2020 சுதந்திர நாளில் திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தின் தலித் பெண் தலைவர் கொடியேற்ற விடப்படவில்லை. ஐந்து நாள் கழித்து ஆட்சியர் வந்து நின்ற பிறகு ஏற்றினார். அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையிலிருந்து ஒரு புகைப்படம் வந்தது. உறுப்பினர்கள் நாற்காலியில் இருக்கிறார்கள், ஊராட்சித் தலைவரான தலித் பெண் தரையில் இருக்கிறார். அமாவாசை நுனியிலாவது உட்கார்ந்திருந்தார்.

பிறகு 2023இல் 'மாமன்னன்'. அதை நகைச்சுவைப் படம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் முப்பது ஆண்டுகளாக அடிவாங்கி நம்மைச் சிரிக்கவைத்த வடிவேலுவை மாரி செல்வராஜ் அதில் தனித்தொகுதிச் சட்டமன்ற உறுப்பினராக்கினார். வீட்டுக்கு வந்த இடத்தில் நின்றுகொண்டே பேசுகிற அப்பாவை மகன் உட்காரச் சொல்கிறான். அரங்கில் சிலர் வடிவேலுவைப் பார்த்த பழக்கத்தில் சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டதை நாங்கள் கேட்டோம். படம் வெளியானது ஜூன் 29, மேலவளவு நினைவு நாளுக்கு முந்தின நாள். திட்டமிட்டதில்லை என்றே நினைக்கிறோம்.

இந்த உரைக்காக எங்கள் பகுதியில் தனி ஊராட்சித் தலைவராக இருந்த ஒரு அக்காவைச் சந்தித்தோம். 'அமைதிப்படை' காட்சியைக் கைபேசியில் போட்டுக் காட்டினோம். நன்றாகச் சிரித்தார். பிறகு, தான் பதவியேற்ற முதல் வாரமே அலுவலகத்துக்கு வீட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுபோனதாகச் சொன்னார். அங்கே இருந்ததில் உட்கார்ந்தால் 'பொம்பளை திமிரு' என்பார்களாம், நின்றால் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்களாம். ஐந்து வருடமும் காலையில் கொண்டுபோய், மாலையில் கொண்டுவந்திருக்கிறார். அந்த நாற்காலி இப்போது அவர் வீட்டுத் திண்ணையில் கிடக்கிறது. எங்களை அதில் உட்காரச் சொல்லிவிட்டுத் தேநீர் போட உள்ளே போனார்.