நாக்கு நீண்ட விட்டில்

விளக்கடியில் விழும் விட்டில்களைத் துடைப்பத்தால் பெருக்கித் தள்ளுகிறவன்தான் நானும். ஆனால் மடகாஸ்கர் தீவின் விட்டில் ஒன்றின் கதையைப் படித்ததிலிருந்து கை சற்றுத் தயங்குகிறது.

1862-ல் அத்தீவின் ஆர்க்கிட் மலர்கள் சில டார்வினிடம் வந்து சேர்ந்தன. வெள்ளை வெளேரென்ற நட்சத்திரப் பூ. பின்னால் வால்போல் 11½ அங்குலக் குழல். தேனோ அடியில் ஒன்றரை அங்குலம் மட்டுமே. அதை எட்டும் நாக்குடைய விட்டில் அங்கே இருந்தே தீரவேண்டும் என்று எழுதினார். பூச்சி சாஸ்திரிகள் சிலர் பரிகசித்தார்கள். வாலேஸோ, நெப்டியூன் கிரகத்தைத் தேடியவர்களைப்போல் நம்பிக்கையோடு தேடுங்கள் என்றார், 1867-ல்.

டார்வின் 1882-ல் காலமானார். ராத்ஸ்சைல்டும் ஜோர்டானும் அந்தப் பூச்சிக்குப் பெயரிட்டது 1903-ல்! 'பிரெடிக்டா' - முன்பே சொல்லப்பட்டது - என்று அழகாகத்தான் வைத்தார்கள். ஆனால் ஆப்பிரிக்காவின் 'மோர்கனி' இனத்தில் ஒரு கிளை என்றே பதிந்தார்கள். பிள்ளைக்குப் பெயர் சூட்டிவிட்டுப் பாகம் இல்லை என்றாற்போல! 2021-ல்தான் அது தனி இனமாயிற்று. மோர்கனியின் அடிவயிறு வெளுப்பு, இதற்கு இளஞ்சிவப்பு, நாக்கு நீளம், ஜீன்களும் வேறு. ஒன்றின் நாக்கை நீட்டி அளந்தார்கள்: 28.5 சென்டிமீட்டர். டார்வினின் குழலுக்கு அரை அங்குலம்கூடக் குறையவில்லை. தேன் தாராளமாக எட்டும்.