ஒலிபெருக்கியும் ஊர்மன்றமும்: புதுச்சேரி ஊரகக் கொம்யூன்களில் பொதுப்பேச்சின் வரலாறு

முன்னுரை

உள்ளூர் வானொலியில் சமூக, பண்பாட்டுச் சிக்கல்கள் பேசப்படுவதை ஊடகத் தொழில்நுட்ப வளர்ச்சியின் விளைவாகக் காண்பது ஆய்வுலகில் வழக்கமாக உள்ளது. புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் வட்டாரங்களில் இவ்வரலாற்றை உள்ளாட்சி வரலாற்றோடு இணைத்தே காண வேண்டியுள்ளது. அங்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊர்மன்றங்கள் இல்லாதிருந்த காலத்திலேயே புதிய ஒலிவழித் தொடர்பு ஊருக்குள் வந்தது. அத்தொடர்பு மன்றத்தின் இடத்தை எந்த அளவிற்கு நிரப்பியது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

மன்றம் இல்லாத காலம்

வில்லியனூரை அடுத்த கீழூரில் 1954 அக்டோபர் 18 அன்று மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடினர். அவர்களுள் 170 பேர் இந்தியாவுடன் இணைவதை ஆதரித்தனர். 8 பேர் எதிர்த்தனர். நவம்பர் 1 அன்று ஆட்சிப் பொறுப்பு கைமாறியது. பிரெஞ்சிந்தியாவின் எதிர்காலம் ஒரு சிற்றூரில், தேர்வு பெற்ற பிரதிநிதிகளின் வாக்கால் முடிவாயிற்று.

அத்தகைய பிரதிநிதித்துவம் ஊர்களில் நீடிக்கவில்லை. 1968இல் உள்ளாட்சித் தேர்தல் நடைபெற்றது. 1973இல் கிராம, கொம்யூன் பஞ்சாயத்துச் சட்டம் இயற்றப்பட்ட பின்னரும், அடுத்த தேர்தல் 38 ஆண்டுகள் கழித்து 2006இல்தான் நிகழ்ந்தது. இடைக்காலத்தில் ஊரின் பொதுச்செயல்களைப் பேச எஞ்சியிருந்தவை மரபுவழி ஊர்ப் பஞ்சாயத்துகளே. அவற்றில் பெண்களுக்கும் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கும் சம இடம் இருந்ததில்லை. 1967இல் தொடங்கிய அகில இந்திய வானொலியின் புதுச்சேரி நிலையம் செய்தியை ஊருக்குக் கொண்டுவந்தது. ஊர் தன் மறுமொழியைப் பெரும்பாலும் கடிதத்தால் அனுப்ப வேண்டியிருந்தது.

வில்லியனூர்த் தகவல் மையம்

1998இல் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடாவின் பன்னாட்டு வளர்ச்சி ஆய்வு மையத்தின் நிதியுதவியுடன் தகவல் கிராமத் திட்டத்தை இப்பகுதியில் தொடங்கியது. வில்லியனூர் நடுமையமாக அமைந்தது. அங்கிருந்து கம்பியில்லாத் தொடர்பின் வழியே குரலும் தரவும் சிற்றூர் மையங்களுக்குச் சென்றன. தானிய விலை, அரசுத் திட்டங்கள், மருத்துவ வசதி, பேருந்து நேரம் முதலியன தமிழில் தொகுத்து வழங்கப்பட்டன.

இத்திட்டத்தின் வரலாற்றுச் சிறப்பு அதன் நிபந்தனையில் உள்ளது. கட்டடத்தை ஊர் தர வேண்டும். அக்கட்டடத்தில் சாதி, பால் வேறுபாடின்றி எவரும் நுழைய இயல வேண்டும். ஏம்பலத்தில் மையம் கோயில் கட்டடத்திலேயே அமைந்தது. கோயிலின் ஒரு வாயிலில் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கும் மாதவிலக்கான பெண்களுக்கும் தடை இருந்தது. மையத்திற்குச் செல்லும் மற்றொரு வாயில் அனைவருக்கும் திறந்திருந்தது. பழைய விலக்கு நீங்கவில்லை. அதன் அருகிலேயே விலக்கில்லாத ஓரிடம் உருவாயிற்று. ஊரின் தன்னார்வலர்களாகப் பெண்கள் கணிப்பொறியை இயக்கித் தகவல் சொன்னதும் இவ்விடத்தில்தான்.

கடலோர வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து பெற்ற அலை உயர முன்கணிப்பு ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது, சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் கிடைத்த எச்சரிக்கை நல்லவாட்டில் மையத்தின் ஒலிபெருக்கி வழியே பரவி, மக்கள் உரிய நேரத்தில் வெளியேறத் துணைபுரிந்தது. அறிவிப்புக் கருவி என்ற நிலையில் ஒலிபெருக்கியின் பயன் ஐயத்திற்கு இடமற்றது. எனினும் அது ஒருவழிக் கருவி. கேட்டவர் வினவவும் மறுக்கவும் அதில் இடமில்லை.

உரிமமும் அதன் எல்லையும்

அலைவரிசை பொதுச்சொத்து என உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது. ஆயினும் சமூக வானொலி உரிமம் 2002இல் கல்வி நிறுவனங்களுக்கும், 2006இல்தான் தொண்டு நிறுவனங்களுக்கும் திறக்கப்பட்டது. வில்லியனூர் மையம் தொடங்கிய ஆண்டில் ஒரு சிற்றூர் தனக்கென வானொலி நடத்தச் சட்டத்தில் வழியில்லை. பின்னர்ப் புதுவைப் பல்கலைக்கழகத்தின் ‘புதுவை வாணி’ 107.8 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்பாயிற்று.

2006ஆம் ஆண்டு நெறிமுறைகள் நிகழ்ச்சிகளில் குறைந்தது பாதியேனும் உள்ளூர் மக்களின் பங்கேற்புடன் உருவாக வேண்டும் என்றன. அதேவேளை செய்தி, நடப்பு நிகழ்வுகள், அரசியல் ஆகியவற்றைத் தடுத்தன. இம்முரணைப் பாகூர் ஏரியைக் கொண்டு விளக்கலாம். தென்பெண்ணையாற்று நீர் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியே அவ்வேரிக்கு வருகிறது. கடைமடைக்கு ஏற்ற பயிர் எது என்பது வேளாண் நிகழ்ச்சிக்குரிய பேச்சு. வாய்க்கால் ஏன் தூர்வாரப்படவில்லை, அதற்குப் பொறுப்பு யாருடையது என்னும் வினா நடப்பு அரசியலைத் தொட்டுவிடுகிறது. உழவருக்கு இவ்விரண்டும் ஒரே சிக்கல்; உரிம விதிக்கு வெவ்வேறு.

நிறைவுரை

2006இல் தேர்வான மன்றங்களின் காலம் 2011இல் முடிந்தது. 2021இல் அறிவிக்கப்பட்ட தேர்தலும் நடைபெறவில்லை. இச்சூழலில் வானொலிக்குத் தொலைபேசும் நேயர், பஞ்சாயத்தில் எழுப்ப வேண்டிய வினாவை நிலையத்திடம் எழுப்புகிறார். நிலையத்தால் அவ்வினாவை ஊரறியச் செய்ய இயலும். தீர்மானம் நிறைவேற்றவோ நிதி ஒதுக்கவோ இயலாது. எனவே இப்பகுதியின் நேயர் உரையாடல்களை ஊடக ஆய்வின் தரவாக மட்டும் கொள்ளுதல் போதாது. பஞ்சாயத்துப் பதிவேடுகள் இல்லாத ஆண்டுகளில் ஊர் எதைக் கேட்டது என்பதற்கு அவை முதன்மைச் சான்றுகளாகும் தகுதியுடையன. அவ்வொலிப்பதிவுகளைத் திரட்டிப் பாதுகாப்பது புதுச்சேரி உள்ளாட்சி வரலாற்றாய்வின் உடனடித் தேவையாகும்.